அப்பா என்பதற்காகவே மதிக்க வேண்டுமா? தொண்டி பாய்க்கு எழுதியவை

16 ஏப்ரல் 2025, தொண்டியிலிருந்து ஒரு வாசகர்

"பெற்றவர் என்ன செய்திருந்தாலும் பிள்ளை மரியாதை கொடுத்தே ஆக வேண்டும். இதில் நிபந்தனை கிடையாது. நிபந்தனை போட்டால் அது வியாபாரம். என் மகன் துபாயில் இருக்கிறான். மாதம் தவறாமல் பணம் வருகிறது, போன் வருவதில்லை. பெருநாள் அன்றுகூட அவன் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டான். பணம் யாருக்கு வேண்டும்? மற்றவர்கள் சொல்லுங்கள்."

16 ஏப்ரல், இரவு, நான் எழுதிய பதில்

பணம் யாருக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள் பாய். எனக்கு வேண்டும். பெரியவர்களுக்கான டயப்பர் என்ன விலை என்று தெரியாதவர்தான் அப்படிக் கேட்க முடியும்.

நான் தங்கச்சிமடம். அப்பா என் வீட்டில் படுக்கையில் இருக்கிறார், பக்கவாதம், வலது பக்கம் வராது. தம்பி குவைத்தில். உங்கள் மகனைப் போலவேதான். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும், அப்பாவோடு ஒரு வார்த்தை கிடையாது. நீங்கள் எழுதியதை உங்கள் மகனுக்கு ஓர் அக்கா இருந்து படித்தால் எப்படிப் படிப்பாளோ அப்படித்தான் படித்தேன்.

சோறு, மருந்து, துணி, படுக்க இடம், இதற்கெல்லாம் நிபந்தனை கிடையாது. ஒத்துக்கொள்கிறேன். அப்பா நல்லவரா கெட்டவரா என்று பார்த்துக் கஞ்சி ஊற்ற முடியாது. மனசுக்குள் மதிப்பது வேறு கதை, அதைக் கேட்டு வாங்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. நம் பக்கத்தில் மரியாதை, மரியாதை என்று பெரியவர்கள் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: நடந்ததைப் பற்றி வாயைத் திறக்காதே. அதை நான் தரமாட்டேன்.

17 ஏப்ரல்

அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம் என்று ஔவையார் சொல்லிவிட்டார், அப்புறம் என்ன பேச்சு என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

சரி, தெய்வம் என்றே வைத்துக்கொள்வோம். நம் ஆட்கள் தெய்வத்தைத் திட்டாமலா இருக்கிறார்கள்? கண் போன கோபத்தில் திருவாரூர்ச் சிவனைப் பார்த்து 'வாழ்ந்து போதீரே' என்று கேட்டவர் சுந்தரர். அதைத் தேவாரத்தில் வைத்துப் பாடுகிறார்கள். எங்கள் தெருவில் வலை வெறுமனே வந்த நாளில் அந்தோணியார் வாங்கிக் கட்டிக்கொள்வதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வீர்கள். மறுநாள் அவருக்கே மெழுகுவர்த்தி. இதற்காக யாரையும் கோயிலை விட்டு நீக்கியதில்லை.

தெய்வத்துக்குக் கிடைப்பது அப்பாவுக்குக் கிடைக்கக் கூடாதா? (சிரிக்கத்தான் எழுதினேன். பாதி.)

21 ஏப்ரல்

ஈஸ்டர் வேலையில் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் ஏகப்பட்ட பேச்சு.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில், ஆண்களெல்லாம் வீட்டில். எங்கள் ஊரில் அப்பனும் மகனும் சட்டையைப் பிடித்துக்கொள்வது இந்த நாட்களில்தான். நிவாரணப் பணம் 8,000 யார் கையில் என்பதில் தொடங்கும், யார் எப்போது யாரை என்ன சொன்னார்கள் என்பதில் போய் நிற்கும். அதே இரண்டு பேர் கடலில் ஒரு படகில் சண்டையில்லாமல் இருந்துவிட்டு வருவார்கள். இதை யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா?

அப்பா விசைப்படகு டிரைவர். தம்பி மீசை அரும்பும் முன்பே அவரோடு ஏறினான். கரையில் அவர் முகத்தைப் பார்க்க மாட்டான். கடலில் அவர் வலையைத் தூக்கு என்றால் தூக்குவான், ஏன் என்ற கேள்வியே கிடையாது. ஒரு வாடைக்காலத்தில் மீன் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்தபோதே அப்பா வலையை ஏற்றச் சொல்லிவிட்டாராம். பக்கத்துப் படகுகளில் சிரித்திருக்கிறார்கள். படகு முதலாளி சம்மாட்டியிடம் என்ன பதில் சொல்வது என்று கூட வந்தவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். பாம்பன் வெளிச்சவீடு தெரியும் தூரத்துக்கு வருவதற்குள் காற்று அடித்துவிட்டது. தம்பி அன்றைக்குச் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "அந்த ஆள் கடல்ல பொய் சொல்ல மாட்டாருக்கா."

கரைக்கு வந்ததும் வேறு ஆள். கணக்கு முடிக்கும்போது தம்பியின் பங்கையும் சேர்த்து அவரே வாங்கிக்கொள்வார். வீட்டுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பது அம்மாவுக்குத் தெரியும், அதைக் கேட்டதற்கு என்ன கிடைத்தது என்பது எங்களுக்குத் தெரியும்.

பாய், நிபந்தனை போட்டால் வியாபாரம் என்கிறீர்கள். என் தம்பி கடலில் கொடுத்தது நிபந்தனையோடு கொடுத்த மரியாதைதான். காற்றைத் தெரிந்தவர், உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பவர் என்பது நிபந்தனை. அப்பாவுக்கு அதைவிட முழுசாக ஒரு மரியாதை யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

24 ஏப்ரல்

தொண்டி பாய் 'பெற்றோரைச் சீ என்றும் சொல்லாதே' என்ற குர்ஆன் வசனத்தை எடுத்துப் போட, கீழக்கரை அக்கா ஒருவர் லுக்மான் அத்தியாயத்தைக் காட்டியிருக்கிறார். இறைவனுக்கு இணைவைக்கச் சொல்லிப் பெற்றோர் வற்புறுத்தினால் கீழ்ப்படியாதே, ஆனாலும் இந்த உலகத்தில் அவர்களோடு நல்லபடி நடந்துகொள் என்கிறது அது. எனக்கு அந்த வேதம் தெரியாது. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்பதையும் நல்லபடி நடப்பதையும் பிரித்துவைத்தது பிடித்திருக்கிறது. இங்கே பாதிச் சண்டை அந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டுவதால் வருகிறது.

கத்தோலிக்கர்களான எங்களுக்குப் பத்துக் கட்டளைகளில் நான்காவது இது. தாய் தந்தையை மதித்து நட. மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம். எபேசியருக்கு எழுதிய திருமுகம் 6-ம் அதிகாரத்தில் பவுல் அதைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே தகப்பன்மாரைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீர்கள் என்கிறார். அந்தப் பகுதியை எங்களுக்கு யாரும் மனப்பாடம் செய்ய வைக்கவில்லை. பெரியவளான பிறகு நானே படித்தபோதுதான் கண்ணில் பட்டது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். எங்கள் பைபிளில் சீராக் புத்தகத்தில் தகப்பனுக்கு அறிவு மங்கிப்போனாலும் பொறுமையாக இரு என்று இருக்கிறது. அப்பா ராத்திரி போர்வையை இழுத்துக் கீழே போடும் ஒவ்வொரு தடவையும் அது எனக்கு எதிராகவே எழுதப்பட்டது போல இருக்கும்.

2 மே

"அந்தத் தலைமுறை பட்ட கஷ்டம் உங்களுக்குத் தெரியாது."

தெரியும். அப்பா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தபோது அவருக்கு ஒன்பது வயசு. தாத்தாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவர்களோடு அப்பத்தா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து குடிசை போட்டார். இதைச் சொல்லித்தான் அம்மா ஒவ்வொரு அடிக்கும் காரணம் கற்பிப்பார். "புயல்ல பிழைச்ச மனுசன்டி, விடு."

சித்தப்பாவும் அதே புயலில் பிழைத்தவர்தான். இழந்தது அதே அப்பாவை. சித்தி மேல் அவர் கை பட்டதாக யாரும் சொன்னதில்லை. புயல் ஒரு வீட்டில் மட்டும் குடிக்கவும் அடிக்கவும் சொல்லிக்கொடுக்குமா?

5 மே

மேலே சித்தப்பாவைப் பற்றி எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்க சித்தப்பன் பள்ளிக்கூடம் போனது யார் காசுல?" என்று கேட்டார். அப்பா அந்த ஒன்பது வயசிலேயே வத்தையில், அதாவது சின்னப் படகில், தண்ணீர் இறைக்கப் போயிருக்கிறார். சித்தப்பா புத்தகப் பை தூக்கியது அந்தக் காசில்.

இரண்டு பேருக்கும் ஒரே புயல் என்று எழுதினேன். புயலுக்கு மறுநாள் ஒரே மாதிரி விடியவில்லை. அம்மா பட்டது இதனால் குறைந்துவிடாது. ஆனால் சித்தப்பாவைக் காட்டி அப்பாவை மடக்குவது அவ்வளவு சுலபம் இல்லை என்று தோன்றுகிறது.

11 மே

பரமக்குடிக்காரர் ஒருவர் தொண்டி பாய்க்குச் சட்டம் சொல்லியிருக்கிறார். "கேஸ் போடுங்கள், மகன் ஓடிவந்து காலில் விழுவான்." விழமாட்டார். சட்டம் அதற்கு இல்லை.

அவர் சொல்வது 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகள் தர உத்தரவு போட முடியும். பராமரிப்பு என்று சட்டம் எண்ணிச் சொல்வது உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம். பாயின் மகன் ஏற்கெனவே பணம் அனுப்புகிறார். கோட்டாட்சியர் என்ன உத்தரவு போடுவார், வெள்ளிக்கிழமை தோறும் அத்தாவுக்குப் போன் பண்ணு என்றா?

எழுதிக்கொடுத்த சொத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பிடுங்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். அதுவும் அப்படியே சரியில்லை. அது 23-ம் பிரிவு. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்தால்தான் அந்தப் பிரிவு பேசும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லி, மகனுக்கு எழுதிய சொத்தைத் தாய்க்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னது. நீதிமன்றம் எப்படிப் படிக்கும் என்று காத்திருப்பதைவிட, எழுதும்போதே பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. நிபந்தனை என்றால் வியாபாரம் என்று சொன்ன பாய் கவனிக்கவும்.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இதில் பொறுப்பில்லை என்று ஒருவர் சொன்னதும் தவறு. மணமான மகளும் பெற்றோருக்கு ஜீவனாம்சம் தர வேண்டும் என்று 1987-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எங்கள் அப்பா வீட்டைத் தம்பி பேரில் எழுதிவிட்டு என் வீட்டில் படுத்திருக்கிறார். அந்தத் தீர்ப்பைப் படித்திருப்பார் போல.

28 மே

அப்பா பேசுகிறாரா என்று கேட்டவருக்கு: பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது. இங்கே எழுத முடியாத வார்த்தை.

தண்ணீர் வேண்டுமென்றால் அந்த வார்த்தை, விசிறு என்றால் அந்த வார்த்தை. பங்குச் சாமியார் நற்கருணை கொண்டுவந்தபோதும் அதுதான். சாமியார் நல்லவர், ஆமென் சொன்னதாக எடுத்துக்கொண்டார். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்குக்கூட வாய்க்குப் பழகிய வசவு, பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது மட்டும் நிற்பதுண்டு என்று டாக்டர் சொன்னார்.

அம்மாவை ஆயுசு முழுக்கக் கூப்பிட்ட வார்த்தை அது. அதைக் கேட்டுத்தான் எழுந்துபோய்த் தண்ணீர் கொடுக்கிறேன். எங்கள் தெருவில் இதற்கு மரியாதை என்று பெயர், மகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு வரும் பாராட்டில் பாதி தம்பியைத் திட்டுவதற்காகச் சொல்லப்படுவது.

3 ஜூன்

பாய், ஏப்ரலிலிருந்து நாங்கள் எங்கள் வீட்டுக் குப்பையை எல்லாம் இங்கே கொட்டிவிட்டோம். நீங்கள் வசனமும் பழமொழியும் போடுகிறீர்கள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மகன் எப்போதிலிருந்து பேசுவதில்லை? அன்றைக்கு என்ன நடந்தது?

15 ஜூன்

தடை முடிந்தது. ஐஸ், டீசல் ஏற்றும் சத்தத்தில் தெருவே தூங்கவில்லை. இனிச் சண்டை குறையும்.

பாய் இன்னும் பதில் சொல்லவில்லை.

19 ஜூன்

சொல்லிவிட்டார். கீழே அவர் எழுதியதைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கம்: மகன் பத்தாவது முடித்ததும் படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார வைத்திருக்கிறார். ஒருநாள் கல்லாவில் கணக்கு உதைத்திருக்கிறது. வாடிக்கையாளர்கள் நிற்கும்போது மகனைச் செருப்பால் அடித்திருக்கிறார். பணத்தை எடுத்தது வேறு ஆள் என்று பிறகு தெரிந்திருக்கிறது. "அதை அவனிடம் சொல்ல வேண்டுமா, அவனுக்கே தெரியுமே. அடித்தது அவன் நன்மைக்குத்தான்" என்று முடித்திருக்கிறார்.

எடுக்காத பணத்துக்கு அடித்ததில் என்ன நன்மை பாய்?

கோபப்பட்டு எழுதவில்லை. நீங்கள் சொன்னதே பெரிய விஷயம், என் அப்பா ஒருநாளும் இதைச் செய்ததில்லை. ஆனால் செருப்படியைவிட அந்தப் பையனை இத்தனை காலம் துபாயில் உட்கார வைத்திருப்பது அதற்குப் பிறகு நீங்கள் பேசாமல் இருந்ததுதான் என்று நினைக்கிறேன். கடைத்தெருவில் எல்லார் முன்னாலும் திருடன் ஆக்கப்பட்டவன். அவன் திருடன் இல்லை என்பதை யாராவது ஒருவர் வாயால் கேட்க வேண்டும் அவனுக்கு. அந்த ஒருவர் நீங்கள்.

என் தம்பிக்கும் ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. அவன் பங்கைப் பற்றி, அம்மாவைப் பற்றி. இனி அது வராது. அப்பாவிடம் இருப்பது அந்த ஒரு வசவுதான். மனசுக்குள் ஏதாவது ஓடுகிறதா என்றுகூட எங்களுக்குத் தெரிய வழியில்லை. உங்களுக்கு வாய் இருக்கிறது பாய், போனும் இருக்கிறது. மரியாதை வேண்டுமா வேண்டாமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் அந்தப் பணத்தை அவன் எடுக்கவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள். அம்மா வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள்.

20 ஜூன்

"நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நன்றாகத்தான் இருக்கிறோம்" என்று எழுதியிருக்கும் அன்பர் வீட்டில் கொஞ்சம் போனை மனைவி கையில் கொடுக்கவும். அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

2 ஜூலை

தம்பியைக் கொஞ்சம் தூக்கிவைத்து எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. பேசாமல் இருப்பது குவைத்திலிருந்து சுலபம். நான் பேசாமல் இருந்தால் மூத்திரத் துணி மாறாது. நடந்ததை மறக்காதவன் என்று அவனுக்கு ஒரு பெருமை இருக்கிறது. எனக்கும் மறக்கவில்லை, எனக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

இதை அவனிடமே போனில் சொன்னேன். சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். "அக்கா, நீ பார்த்துக்கிறது ஒரு நோயாளியை. நான் வந்தா அப்பாவைத்தான் பார்ப்பேன்" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினேழு. போனை வைத்ததும், "மாமா சொல்றது சரிதானே, நீங்க தாத்தாவை ஒருநாள்கூட அப்பான்னு கூப்பிட்டு நான் கேட்டதில்லையே" என்றாள். இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை. "எந்திரிங்க", "வாயத் திறங்க" என்று மட்டும்தான் சொல்கிறேன்.

வேண்டுமென்று செய்ததா, தானாக வந்ததா, தெரியாது. இனிமேல் கூப்பிடலாமா என்று யோசித்தேன். வாய் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

24 ஜூலை

ஆடி அமாவாசை. ராமேஸ்வரத்துக்குப் போகும் வண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும், காலையிலிருந்து ரோட்டைக் கடக்க முடியவில்லை. அக்னி தீர்த்தத்தில் எள்ளும் தண்ணீரும் விடுபவர்களிடம் அப்பா எப்படிப்பட்டவர் என்று புரோகிதர் கேட்பதில்லை. பெயரும் கோத்திரமும் கேட்பார், அவ்வளவே. செத்தவருக்கு நிபந்தனை இல்லாமல் கொடுப்பது எல்லாராலும் முடியும், எதிர்த்துப் பேச அவர் இல்லை.

அப்பாவோடு கடைசிவரை பேசாதவர் ஒருவர் இன்றைக்கு அங்கே போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்ததாக மேலே எழுதியிருக்கிறார். ஏன் போனேன் என்று தெரியவில்லை என்கிறார். தெரிந்தால் எழுதுங்கள்.

26 ஜூலை

தொண்டி பாய் மகனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டாராம். நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் இல்லை. இனி என்ன செய்வது என்று கேட்கிறார். ஒன்றும் செய்யாதீர்கள் பாய். மகன் உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காக இருந்த காலத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் மறுபடி வசனம் எதுவும் அனுப்பிவிடாதீர்கள்.

சாயல்குடியிலிருந்து படுக்கைப்புண் பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வை, ராத்திரியும்தான். இடுப்பு, குதிகால், தோள்பட்டை இந்த இடங்களைத் தினமும் பார். தோல் சிவந்து, அழுத்தினாலும் சிவப்பு மாறாமல் இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டு. ஈரம் நிற்கவிடாதே. காற்று மெத்தை மெடிக்கலில் சொன்னால் வரவழைத்துத் தருவார்கள், வாங்கிவிடு. வேறு உதவி வேண்டுமென்றால் முதியோர் உதவி எண் 14567.

புரட்டும்போது உங்கப்பா திட்டுவார் என்று எழுதியிருந்தாய். திட்டட்டும். நீயும் திட்டிக்கொண்டே புரட்டு.